கொப்பரைக்கு அமாவாசை விடுமுறை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைச் சொன்னாலும் ஆச்சரியம் வருவதில்லை. சேவூர் தருமனின் சாயப் பட்டறைக் கொப்பரையில் இருக்கிற கிருமிகள் கல்லைத் தின்று செம்பைத் துப்புகின்றன, மாதத்தில் மற்ற எல்லா நாளும் வேலை செய்கின்றன, அமாவாசை அன்று மட்டும் கை வைப்பதில்லை என்று டீக்கடையில் ஒருவன் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் "அப்படியா" என்று சொல்லிவிட்டு வடைக்குச் சட்னி கேட்கிறான். யார் பார்த்தது, நீ போய் எட்டிப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டதை அப்படியே செல்போனில் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் பட்டறைக்கு நாற்பது வருஷம் சவுக்குக் கட்டை போட்டவன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் கொப்பரையைப் பற்றி. தருமனின் பட்டறை ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில், நெல் வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. செம்புக் கொப்பரை ஒன்று, அதன் கீழே அடுப்பு ஒன்று, பட்டு நூலைத் தோய்த்துப் புரட்ட மூங்கில் கழிகள் பத்துப் பன்னிரண்டு. பட்டுக்கு ஆசிட் சாயம்தான் பிடிக்கும். தண்ணீரும் கை வைக்க முடியாத கொதியில் இருக்க வேண்டும். ஆரணியில் எத்தனையோ பேர் சாயம் தோய்க்கிறார்கள், ஆனால் அரக்கு நிறம் என்றால் தருமனிடம்தான் வருவார்கள். ஒரு புடவை நூல் முழுக்க, முதல் இழையிலிருந்து கடைசி இழை வரைக்கும் ஒரே அரக்கு, திட்டு இல்லாமல் வரும். அதற்குத் தருமனின் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கொப்பரையை எப்போதும் முழுதாகக் காலி செய்ய மாட்டார்கள். அடியில் இரண்டு சொம்பு பழைய தண்ணீரை விட்டுவைத்து, அதன் மேல்தான் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள், தயிருக்கு உறை விடுவது மாதிரி. கொப்பரை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை காகிதம் போல் மெலிந்து ஓட்டை விழும். புதுக் கொப்பரை வாங்கினாலும் பழைய தண்ணீரை அதில் மாற்றிவிட்டுத்தான் பூசை போடுவார்கள். அடுப்பு அணைவதே கிடையாது, அமாவாசையைத் தவிர. அன்றைக்குத் தறிக்காரர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். ஆகவே தருமனும் அடுப்பு மூட்ட மாட்டான். நானும் அன்றைக்குக் கட்டை கொண்டுபோக மாட்டேன். அவன் அப்பா காலத்தையும் சேர்த்தால் இப்படி அறுபது வருஷம்.

ரீனா என்கிற பெண் அங்கே வந்தது ஒரு கல்யாணப் புடவைக்கு நூல் தோய்க்க. அவள் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மைக்கேல்ராஜின் மகள். பெங்களூரில் ஒரு சுரங்கக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. நூலைப் பார்க்காமல் கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாண்ணா, கொப்பரை இவ்ளோ மெல்லிசா கீது?"

"வயசாயிடுச்சிமா. நான் மட்டும் இன்னா, குண்டாயிகினா போறேன்?"

"செம்பு எங்க போவுது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் துன்னல."

அவள் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் கழித்து ஓடி வந்து சொன்னாள்: அந்தக் கொதிக்கிற ஆசிட் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடித்தனம் பண்ணுகின்றன, மற்ற ஜீவன்கள் வெந்து போகிற சூட்டில்தான் அவற்றுக்கு உடம்புக்கு நன்றாக இருக்கிறது, கொப்பரையின் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறக்குவது அவைதான், நூலில் சாயம் சமமாகப் பிடிப்பதும் அவற்றால்தான். அவள் கம்பெனியிடம் மலை மலையாகக் கல் இருந்தது. உள்ளே செம்பு உண்டு, ஆனால் உலையில் போட்டு உருக்கினால் கட்டுப்படியாகாத அளவு கொஞ்சம். சாதாரணக் கிருமிகள் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுமாம். சூட்டில் வேலை செய்கிறவைதான் அதை மசிய வைக்கும். இவை கிடைத்தால் உலையும் வேண்டாம், புகையும் வேண்டாம். எனக்கு இதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை நம்பவில்லை.

கம்பெனி பட்டறைக்குப் பக்கத்து மனையை வாடகைக்குப் பிடித்து, எவர்சில்வர் தொட்டி ஒன்றை நட்டு, கேஸ் அடுப்பும் கலக்குவதற்கு மோட்டாரும் வைத்தது. மானேஜர் சந்திரமோகன் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார். அவரும் ஆரணிக்காரர்தான், தறிக்காரர் மகன். இப்போது பெங்களூர் ஆகிவிட்டார். தண்ணீரும் அதில் வாழ்கிறவையும் கம்பெனிக்குச் சொந்தம் என்றும், வேலை தேறாவிட்டால் வேறு யார் கைக்கும் போகாதபடி தொட்டியிலும் கொப்பரையிலும் பிளீச்சிங் ஊற்றி ஒன்று விடாமல் கொன்றுவிட வேண்டும் என்றும் அந்தக் காகிதத்தில் இருந்தது. தருமன் படிக்கவில்லை. மைக்கேல்ராஜ் சார் மகள் கொண்டுவந்த காகிதம் என்று கையெழுத்துப் போட்டான். ரீனாவும் படிக்கவில்லை, கம்பெனிக் காகிதம் என்று விட்டுவிட்டாள். படித்தவர்களின் லட்சணம் இது. ஆறு மாதம் கழித்து ரேணுகாதேவி, தருமனின் மனைவி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யோவ், கொப்பரையையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டு வந்துகீறியே, என்னையும் எழுதிக் குடுத்தியா, பார்த்தியா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. ரீனா வந்து, அப்படி நடக்க விட மாட்டேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் பயம்தான்.

மூன்று வருஷம் அவள் கிருமிகளைத் தேற்றினாள். மூன்று மாதத்துக்கு ஒரு டிகிரி சூடு ஏற்றுவாள், ஒரு கை கல்மாவு கூடப் போடுவாள். செத்தது செத்தது, பிழைத்ததை எடுத்து அடுத்த பாத்திரத்தில் விட்டு, அதையும் அதே மாதிரி வாட்டுவாள். எழுபதில் ஆரம்பித்தவை எண்பத்திரண்டில் குஷியாக இருந்தன. காலையில் கல்மாவு போட்டால் சாயங்காலம் தண்ணீர் நீலமாகிவிடும். அந்த நீலத் தண்ணீரில் பழைய இரும்புத் துண்டைப் போட்டால் செம்பு அதன் மேல் வந்து உட்காரும். இது அதிசயம் இல்லை, பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டுவார்களாம். அதிசயம் வேறு. அமாவாசை தோறும் தொட்டி நின்றது. மோட்டார் ஓடும், அடுப்பு எரியும், சூடு எண்பத்திரண்டில் நிற்கும், ஆனால் ஒரு துளி செம்பு இறங்காது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல் வேலை ஆரம்பிக்கும். பெங்களூர்க் கூடத்தில் ஜன்னலே இல்லாத அறையில் வைத்துப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. அமாவாசை இரண்டு நாளில் விழுந்து பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் வேறுபட்டால், தருமன் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் எந்த நாளைச் சொல்கிறதோ அந்த நாளையே அவை எடுத்துக்கொண்டன. ரீனா இதை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள். நான் தருமனைச் சந்தேகப்பட்டேன். ஆனால் அவன் பெங்களூருக்குப் போனது கிடையாது.

போதாததற்கு இன்னொரு கூத்து. எதற்கும் இருக்கட்டும் என்று ரீனா ஒரு குடுவைக் கிருமியை அப்பா வீட்டில், கரண்ட் அடுப்பின் மேல் வைத்திருந்தாள். மைக்கேல்ராஜ் சார் அதைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் வீடு பற்றிக்கொள்ளுமோ என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போவார். நாலு மாதத்தில் அந்தக் குடுவை ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்துக்கு நிற்க ஆரம்பித்தது. பெரிய வெள்ளிக்கிழமை முழு நாளும் நின்றது. சந்திரமோகனுக்கு இது தெரிந்தபோது அவர் சாரிடமே நேரில் போய்க் கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு நாள், வாரத்துக்கு ஒரு வேளை. இது பாக்டீரியாவா, கவர்மெண்ட் ஆபீஸா சார்?"

"அதுங்க பூசைக்கு வருதான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது, தம்பி" என்றார் மைக்கேல்ராஜ். "அந்த நேரத்துல வீட்ல வேலை செய்யறதில்லை. அது மட்டும் நிச்சயம்."

குடுவையைச் சார் தன்னோடேயே வைத்துக்கொண்டார். அது இந்தக் கதையில் இனி வராது.

கடைசியில் கம்பெனி ஒரு பரீட்சை வைத்தது. தொட்டி முப்பது நாள் தொடர்ந்து வேலை செய்து, இத்தனை கிலோ செம்பு என்று குறித்த அளவைத் தர வேண்டும். தராவிட்டால் வெளிநாட்டுக் கிருமியை வரவழைத்துக்கொள்வார்கள். சேவூர்க் கிருமிக்கு, தொட்டியிலும் கொப்பரையிலும், முப்பத்தோராம் நாள் பிளீச்சிங். அமாவாசை விழாத முப்பது நாளைத் தேடி ரீனா காலண்டரை முன்னும் பின்னும் புரட்டினாள். அப்படி ஒரு முப்பது நாள் எந்த வருஷத்திலும் இல்லை. பரீட்சை ஆரம்பித்தது. இருபத்தாறு நாள் தொட்டி அமர்க்களமாக ஓடியது. நீலம் அடர்ந்து, இரும்பின் மேல் செம்பு பட்டை பட்டையாக ஏறியது. தருமனின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. இருபத்தேழாம் நாள் அமாவாசை. அன்று காலையிலேயே சந்திரமோகன் காரில் வந்து இறங்கினார்.

"சூட்ட தொண்ணூறுக்கு ஏத்துங்க, ரீனா. மோட்டார் டபுள் ஸ்பீட். இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிட்டா போதும்."

"வேணாம் சார். அதுங்க செய்யாது. மத்த நாள்ல அளவு வந்துரும், நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"தொடர்ந்து முப்பது நாள்னு போட்டிருக்கு. ஜல்தி."

அணைந்த அடுப்புக்கு முன்னால், துவைத்த வேட்டியில் தருமன் உட்கார்ந்திருந்தான். எழுந்து மதில் மேலாகத் தலையை நீட்டினான். "சார், அமாவாசைன்னா உங்க அப்பா தறி நாடாவத் தொடுவாரா?"

"அது மனுஷனுக்கு, தருமா. இது கிருமி."

"மனுஷனுக்கு மட்டும் நீங்க லீவு குடுத்துகினா இருக்கீங்க?"

சந்திரமோகன் தானே போய் கேஸைத் திருகினார். சூடு தொண்ணூறுக்கு ஏறியது. பதினோரு மணிக்குத் தண்ணீரின் நீலம் வெளுக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு அது குடிதண்ணீர் போல் இருந்தது. இரும்புத் துண்டுகளின் மேல் ஏறியிருந்த செம்புப் பட்டைகள் போய், வெறும் துருப்பிடித்த இரும்பு நின்றது. இருபத்தாறு நாள் செம்பும் திரும்பக் கல்லுக்குள் போய்விட்டிருந்தது. அதோடு விடவில்லை. பன்னிரண்டரைக்கு மோட்டார் நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பியைக் காணோம். சுவரில் ஓடிய ஒயர்களில் பிளாஸ்டிக் உறை மட்டும் தொங்கியது. சந்திரமோகனின் செல்போன் செத்தது, கார் கிளம்பவில்லை. தொட்டிக்குள் இருந்த கல்மாவு மட்டும் எடை கூடி, மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. சேவூர்ப் பெண்கள் பத்துப் பேர் வந்து பார்த்துவிட்டு, அதே நிறத்தில் நூல் தோய்த்துத் தர முடியுமா என்று தருமனிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"முடிஞ்சது" என்றார் சந்திரமோகன். "பிளீச்சிங் சொல்லிடுங்க."

"இன்னும் மூணு நாள் இருக்கு சார்."

"ஒரு கிராம் இல்லம்மா உள்ள."

ரீனா கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தாள். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறிக் கிடந்த கொப்பரையைப் பார்த்தாள். போய் கேஸை மூடினாள். சந்திரமோகன் கத்தினார். மூன்று வருஷம் சூட்டிலேயே வளர்த்தவை அவை. குளிர்ந்தால் மொத்தமும் செத்துவிடலாம் என்று அவளே அறிக்கையில் எழுதியிருந்தாள். அது அவளுக்கு நினைவில் இருந்தது. மூடிய கேஸை இன்னொரு தடவையும் இறுக்கித் திருகினாள், நானே பார்த்தேன்.

"லீவு குடுத்தோம்னு நினைச்சோம் சார். அடுப்பு மேலயே உட்கார வச்சிகினு லீவு குடுத்தா அது இன்னா லீவு?" என்றாள் ரீனா.

தொண்ணூறு எழுபதாகி, ஐம்பதாகி, பொழுது சாய்கிற நேரத்தில் தொட்டி கைபொறுக்கிற சூட்டுக்கு வந்தது. கார் ஓடாததால் சந்திரமோகன் டவுன் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போனார். அமாவாசையும் அதுவுமாக யாரையோ வேலை வாங்கிவிட்டு வந்திருக்கிறாய் என்று அந்த அம்மாள் சோறு போடுவதற்கு முன்னாலும் திட்டினார்கள், போட்ட பின்னாலும் திட்டினார்கள்.

மறுநாள் காலை தருமன் கொப்பரைக்குக் கற்பூரம் காட்டி அடுப்பை மூட்டினான். மதில் மேல் கையை நீட்டித் தொட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டினான். ரீனா சிலுவை போட்டுக்கொண்டு கேஸைப் பற்றவைத்தாள். மோட்டாரில் கம்பி இல்லை. ஆகவே தருமனும் ரேணுகாதேவியும் நூல் புரட்டுகிற மூங்கில் கழிகளைக் கொண்டுவந்து தொட்டியைக் கையால் கலக்கினார்கள். பத்து மணிக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர். பதினொன்றுக்கும் அப்படியே. ரேணுகாதேவி கழியைக் கீழே வைக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கழியின் நுனியில் ஒரு கீற்று நீலம் சுற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் தொட்டி முழுக்க நீலம். மறுநாள் அது உள்ளே கழி தெரியாத நீலம். முப்பதாம் நாள் எடை போட்டபோது குறித்த அளவைவிட ஒன்றரை மடங்கு செம்பு இருந்தது. மோட்டார் கம்பியும் காரின் ஒயரும் அதில்தான் இருக்கின்றன என்று சந்திரமோகன் சொன்னார். அதைக் கழித்தாலும் அளவு தேறியது.

அவர் அறிக்கையில் இருபத்தேழாம் நாளை 'திட்டமிட்ட பராமரிப்பு நாள்' என்று எழுதினார். கம்பெனி ஒத்துக்கொண்டது. கொப்பரையைப் பற்றிய வரியை ரீனா அவர் கண் முன்னாலேயே பேனாவால் அடித்தாள். ரேணுகாதேவி பக்கத்தில் நின்று, அடித்த கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு கோடும் போடச் சொன்னாள். சந்திரமோகன் கையெழுத்துப் போட்டார். கொப்பரை தருமனிடமே நின்றது. அரக்கு நிறம் இன்றைக்கும் திட்டு இல்லாமல் வருகிறது.

இப்போது அந்தக் கிருமிகள் மூன்று ஊர்ச் சுரங்கங்களில் வேலை செய்கின்றன. ஒவ்வொரு தை மாதமும் தருமன் பட்டறைச் சுவரில் இருப்பது போன்ற காலண்டர் மூன்று ஊர்களுக்கும் தபாலில் போகிறது. அமாவாசை அன்று அங்கே தொட்டிகளை ஆற விடுகிறார்கள். தொட்டி ஆறியிருக்கும்போது ஆட்களுக்கும் வேலை இல்லை என்பதால் அவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாகச் சேருகிற இன்ஜினியர்களுக்கு, கேஸ் எங்கே மூடுவது, காலண்டர் எங்கே மாட்டுவது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களாம்.

எல்லாரும் தலையாட்டுவதால் நான் ஆட்ட வேண்டும் என்று இல்லை. மூட்டு வலிக்காக நான் கையில் செம்புக் காப்புப் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒரு பழைய காப்பைக் கயிற்றில் கட்டிக் கொப்பரையில் தொங்கவிட்டேன். மதியத்துக்குள் கம்பியாக இளைத்துவிட்டது. ஆசிட்டில் போட்டால் எதுவும் இளைக்கும். அமாவாசை அன்று கையில் இருந்த காப்பைக் கழற்றி, தருமன் நூல் நிறுக்கிற தராசில் போட்டேன், இருபத்திரண்டு கிராம். ஆறிய கொப்பரையில் அதைத் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே இல்லை. எடுத்து நிறுத்தால் இருபத்துநாலு.

"இன்னா மாமா, இப்பனாச்சும் நம்புறியா?" என்றான் தருமன்.

"இந்தத் தராசுலதான் நூல் நிறுத்துக் குடுக்கிறியா? ஜனங்க எப்படிடா உன்கிட்ட வந்துகினு இருக்காங்க?"

"கடைத்தெருவுல வேற தராசு கீது, போய்ப் பாரு."

"அதுவும் உன் தராசு மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் ரேணுகாதேவி சிரிப்பது கேட்டது. வயல் ஓரமாக வீட்டுக்கு நடக்கும்போது காப்பு மணிக்கட்டில் இறுக்கமாக இருந்தது. பகல் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததில் கை வீங்கியிருக்கும்.